காணாமல் போன 'குலீன் காந்தா': மௌனப்படத்தைத் தேடும் முறை

பம்பாயின் கோஹினூர் ஃபிலிம் கம்பெனிக்காக ஹோமி மாஸ்டர் 1925-இல் இயக்கிய 'குலீன் காந்தா'வுக்கு இன்று பிரதி இல்லை. அந்த ஆண்டு ஜனவரி 12 அன்று மலபார் ஹில்லில் வணிகர் அப்துல் காதர் பாவ்லா சுட்டுக் கொல்லப்பட்ட வழக்குதான் படத்துக்கு மூலம். இந்தூர் அரண்மனையை விட்டு வந்து அவருடன் இருந்த மும்தாஜ் பேகத்தைக் காரிலிருந்து தூக்கிப்போக வந்தவர்கள் செய்த கொலை அது. விவகாரம் முற்றி, இந்தூர் மன்னர் துகோஜி ராவ் ஹோல்கர் 1926-இல் முடி துறந்தார்.

முதலில் இரண்டு நோட்டுகள் போடுங்கள்: ஒன்று வழக்குக்கு, ஒன்று படத்துக்கு. வழக்கு விவரம் மலையாய்க் கிடைக்கும், பட விவரம் துளியாய்க் கிடைக்கும். அந்த இடைவெளியை வழக்கை வைத்து அடைப்பதுதான் இந்த வேலையில் அடிக்கடி நடக்கும் கோளாறு.

பட நோட்டின் முதல் வரி தணிக்கைப் பதிவாக இருக்கட்டும். பம்பாயில் 1920 முதல் தணிக்கை வாரியம் உண்டு. படத்தின் நீளம் அடியில் கிடைத்தால் அடியிலேயே குறியுங்கள், நிமிடமாக்க அவசரம் வேண்டாம். 35 மி.மீ. பிலிமில் ஓர் அடிக்கு 16 சட்டகங்கள் (ஃபிரேம்கள்). நொடிக்கு 16 சட்டகம் ஓட்டினால் 1,000 அடி ஓட 16 நிமிடம் 40 நொடி. 24 என்றால் 11 நிமிடம் சொச்சம். கொட்டகைக்குக் கொட்டகை வேகம் மாறியது. 6,000 அடிப் படம் 67 நிமிடமும் ஓடும், 100 நிமிடமும் ஓடும்.

அடுத்தது 'பாம்பே கிரானிக்கிள்' போன்ற நாளிதழ்களின் கொட்டகை விளம்பரங்கள். மின்னுருவாக்கிய பக்கங்களில் படத்தின் பெயர் கண்டபடி சிதைந்திருக்கும். கொட்டகைப் பெயரையும் கம்பெனிப் பெயரையும் போட்டுத் தேடுவது மேல். குஜராத்தி இதழ்களை விட்டுவிட்டால் பாதி வேலைதான் ஆகும்.

கோஹினூர் படம் தொலைந்தது என்றாலே கம்பெனியில் நடந்த 1923 தீவிபத்தைக் காரணம் காட்டுவார்கள். இது அதற்குப் பின் எடுத்த படம்.

எங்காவது பழைய டப்பா கிடைத்தால் புரொஜெக்டரில் ஏற்றவே வேண்டாம். அந்தக் காலத்தில் புழங்கிய, எளிதில் தீப்பற்றும் நைட்ரேட் பிலிம் தண்ணீருக்குள்ளும் எரியும். வினிகர் வாடை வந்தால் அது நைட்ரேட்டுக்குப் பதிலாக வந்த அசிட்டேட் பிலிம், அதாவது பிற்காலப் பிரதி. பிலிம் தயாரான ஆண்டைக் காட்ட கோடாக் கம்பெனி ஓரத்தில் போட்ட குறியை மட்டும் நம்பாதீர்கள். 20 ஆண்டுக்கு ஒருமுறை அதே குறி திரும்ப வரும் என்பதால், 1925-இன் குறி 1945 பிலிமிலும் இருக்கும். டப்பாவை வெயில் படாமல் வைத்து, புனே தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்துக்குத் தகவல் சொல்லுங்கள்.