வாதத்தில் ஓட்டை எங்கே? மணிமேகலை காட்டும் சோதனை

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பெரியப்பா எழுதுகிறார்: "பேரனுக்கு வைரஸ் காய்ச்சல். கஷாயம் கொடுத்தோம், நாலாம் நாள் எழுந்து ஓடுகிறான். கஷாயம்தான் குணமாக்கியது." எங்கோ இடிக்கிறது, எங்கே என்று சொல்ல வரவில்லை. மணிமேகலைக் காப்பியத்தின் 29ஆம் காதையில் பௌத்தத் துறவி அறவண அடிகள் கற்றுத்தரும் முறை இதற்குத்தான். வாதத்தின் பிழையை நூல் போலி என்கிறது. அதில் பக்கப்போலி (முடிவில் உள்ள பிழை) 9, ஏதுப்போலி (காரணத்தில் உள்ள பிழை) 14, திட்டாந்தப்போலி (எடுத்துக்காட்டில் உள்ள பிழை) 10. மனப்பாடம் வேண்டாம், ஏதுவைச் சோதிக்கத் தெரிந்தால் போதும்.

படி 1: மூன்று வரியாக எழுதுங்கள்

பக்கம் (நிறுவ வேண்டியது), ஏது (காரணம்), திட்டாந்தம் (எடுத்துக்காட்டு). இம்மலையில் நெருப்பு உண்டு; புகை இருப்பதால்; அடுக்களை போல.

ஏது வரி காலியாக நின்றால் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். "நீ அந்தக் கட்சிக்காரன், அப்படித்தான் பேசுவாய்" என்பது ஆளைப் பற்றியது, பக்கத்தைப் பற்றியதல்ல. அந்த வரியை அடித்துவிட்டு, வாதத்தில் மிச்சம் என்ன என்று பாருங்கள். நேரில் பார்த்ததாகச் சாட்சி சொல்பவர் விஷயம் வேறு. அவரை நம்பலாமா என்று கேட்பது நியாயமே.

படி 2: பக்கம் தன்னையே மறுக்கிறதா?

"என் தாய் மலடி" என்பது நூலின் உதாரணம். "எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது, இது மட்டும் உறுதி" என்பதும் அதே ரகம்.

படி 3: ஏதுவிடம் மூன்று கேள்வி

முதல் கேள்வி: சொன்ன காரணம் உண்மையா? "ஒலி அழியக்கூடியது, கண்ணுக்குத் தெரிவதால்" என்றால், ஒலி கண்ணுக்கே தெரியாது. இது அசித்தம். பழைய படத்தைப் புதுச் சம்பவம் என்று அனுப்பும் ஃபார்வர்டுகள் இங்கேயே விழும்.

இரண்டாவது: சபக்கத்தில், அதாவது முடிவு பொருந்தும் மற்ற இடங்களில், அந்த ஏது உண்டா?

மூன்றாவதுதான் முக்கியம்: விபக்கத்தில், முடிவு பொருந்தாத இடத்தில், அந்த ஏது இல்லாமல் இருக்கிறதா? கஷாய வாதத்தில் ஏது "நாலு நாளில் குணமானான்". விபக்கம், கஷாயமே குடிக்காத பிள்ளைகள். பல வைரஸ் காய்ச்சல்கள் சில நாளில் தானாகவே தணியும். ஆக அவர்களிடமும் அதே ஏது இருக்கிறது. சபக்கம், விபக்கம் இரண்டிலும் இருக்கும் ஏது எதையும் நிறுவாது. இதுவே அநைகாந்திகம். "ஒலி அழியக்கூடியது, அறியப்படுவதால்" என்பது நூல் தரும் உதாரணம்: அறியப்படுவது அழியும் குடத்துக்கும் பொருந்தும், அழியாதது எனக் கொண்ட ஆகாயத்துக்கும் பொருந்தும்.

இங்கே பலரும் சறுக்குவது, குடித்துக் குணமான இன்னும் பத்துப் பேரைச் சேர்ப்பதில். அத்தனையும் சபக்கம், விபக்கத்தை யாரும் தொடவே இல்லை.

ஏது எதிர்முடிவையே காட்டினால் அது விருத்தம். "பணத்துக்கு முழு உத்தரவாதம், மாதம் 10 சதவீத வட்டியே தருகிறார்கள்" என்றால், அந்த வட்டிதான் ஓடச் சொல்லும் அறிகுறி.

படி 4: பதில் சொல்லும் முறை

ஏது விழுந்தால் பக்கம் பொய் என்று ஆகிவிடாது. கஷாயம் உதவியிருக்கவும் கூடும். இந்தக் காரணம் அதை நிறுவவில்லை, அவ்வளவுதான். போலியின் பெயரைச் சொல்லி மடக்கினால் சண்டைதான் மிஞ்சும். "பெரியப்பா, கஷாயம் குடிக்காத பசங்களுக்கு எத்தனை நாள்ல சரியாச்சு?" என்று கேளுங்கள். "குணமாக்கும்னா சொன்னேன், உடம்புக்கு நல்லதுன்னுதானே சொன்னேன்" என்று பக்கம் மாறலாம். அது புது வாதம். மூன்று வரியையும் மறுபடி எழுதுங்கள்.