சிறுமலை நிறங்களில் ஒரு கண்டாங்கிப் போர்வை

காரைக்குடியிலிருந்து திருப்பத்தூர், சிங்கம்புணரி, நத்தம் வழியாகத் திண்டுக்கல் பக்கத்துச் சிறுமலைக்குப் போய்வர ஒரு பகல் போதும். சித்திரையில் போனால் கொன்றையும் பூத்திருக்கும். அந்தப் பாதையை ஒட்டுத்துணிப் போர்வையாகத் தைக்க நினைப்பவர்கள் பழைய பருத்திச் சேலைத் துண்டுகள் பத்துப் பதினைந்தைக் கையோடு கொண்டுபோங்கள். போன் படத்தை நம்பினால் நிறம் ஏமாற்றும். வண்டியை ஓரங்கட்டி, துண்டை மலைக்கு நேரே நீட்டிப் பிடியுங்கள். பச்சை என்று நினைத்த தூரத்து மலை சாம்பல் நீலமாக இருப்பது அப்போதுதான் தெரியும். வெயில் ஏறினால் அதுவும் வெளுத்துவிடும். விடியலில் கிளம்புவது நல்லது.

போர்வை அளவு 60க்கு 90 அங்குலம். தைத்தபின் 6 அங்குலம் வரும் கட்டங்கள், வரிசைக்கு 10, மொத்தம் 15 வரிசை. மேலிருந்து: வானம் 4, முக்கோண வரிசை 1, நீல மலை 2, முக்கோண வரிசை 1, பச்சை மலை 3, கொன்றை மஞ்சள் 1, செம்மண் 3. அரக்குக் கண்டாங்கியை (கட்டம் போட்ட செட்டிநாட்டுப் பருத்திச் சேலை) செம்மண்ணுக்கு வையுங்கள். சேலையின் பெரிய கட்டம் கண்ணுக்குக் கிட்டே வரும். தூரத்து மலைக்குக் கட்டமில்லாத துணிதான் சரி, இல்லாவிட்டால் மலை முன்னால் வந்து நிற்கும்.

48 அங்குல அகலச் சேலையில் வானத்துக்கு 1.2 மீட்டர், நீலத்துக்கு 90 செ.மீ., பச்சைக்கு ஒரு மீட்டர், மஞ்சளுக்கு 35 செ.மீ., ஓரப்பட்டியும் சேர்த்துச் செம்மண்ணுக்கு 1.3 மீட்டர் வேண்டும். அடித்துணிக்கு ஒரு முழுச் சேலை: 98 அங்குலமாக இரண்டு துண்டு வெட்டிப் பக்கவாட்டில் இணைக்கலாம். துணியை வெளிச்சத்தில் பிடித்து, விரல் தெளிவாகத் தெரியும் இடத்தை ஒதுக்கிவிடுங்கள். அங்கேதான் முதலில் கிழியும்.

வெட்டுவதற்கு முன் அரக்கைத் தனியாக அலசி, ஈரத்தோடு வெள்ளைத் துணியில் அழுத்திப் பாருங்கள். கறை படிந்தால் மறுபடி அலசவேண்டும். உப்புத் தண்ணீர் சாயத்தை நிறுத்தும் என்பார்கள்; இந்த வெள்ளைத் துணிச் சோதனையை மட்டும் நம்புங்கள்.

சதுரங்களை 6½ அங்குலத்தில் வெட்டி, கால் அங்குலம் உள்தள்ளித் தைக்கவேண்டும். பலர் சறுக்குவது முக்கோணத்தில்தான். முக்கோணமாக வெட்டிக்கொண்டு தைத்தால் சாய்ந்த விளிம்பு இழுபட்டு மலை கோணலாகும். அதற்குப் பதில் இரண்டு நிறத்திலும் 7 அங்குலச் சதுரம் எடுத்து, முகத்தோடு முகம் வைத்து, மூலைக்கு மூலை கோடு போட்டு, கோட்டின் இருபுறமும் கால் அங்குலம் தள்ளித் தையுங்கள். பிறகு கோட்டில் வெட்டினால் இரண்டு கட்டம் கிடைக்கும். இஸ்திரிப் பெட்டியைத் தேய்க்காமல் அழுத்தி எடுத்து, 6½ அங்குலத்துக்குச் சீராக்குங்கள். ஒரு வரிசைக்கு நிறத்துக்கு 5 சதுரம் போதும். கீழ் முக்கோண வரிசையை ஒரு கட்டம் தள்ளி அடுக்குங்கள். உச்சிக்கு நேர்கீழே உச்சி வந்தால் மலை ரம்பப் பல்லாகிவிடும்.

உள்ளே இலவம்பஞ்சு வேண்டாம், துவைத்தால் திரண்டுவிடும். நம் ஊர் வெக்கைக்குப் பழைய வேட்டி ஒரு அடுக்கு தாராளம். இரண்டு வேட்டிகளை ஒன்றன்மேல் ஒன்று ஏற்றாமல் விளிம்போடு விளிம்பு வைத்து இணையுங்கள், ஏற்றினால் மேடு தட்டும். ஆத்தங்குடித் தரைக்கல் பாவிய பட்டாலையில் (கூடத்தில்) அடித்துணியை விரித்து, ஓரங்களை டேப்பால் ஒட்டுங்கள். கல் இணைப்புக் கோடே நேர் பார்க்க உதவும். மேலே வேட்டி, அதற்கு மேல் ஒட்டுத்துணி. நடுவிலிருந்து வெளியே போகும்படி, ஒரு சாண் இடைவெளியில் நீளத் தையலாகப் பிடித்துக்கொள்ளுங்கள். ஓரத்திலிருந்து தொடங்கினால் சுருக்கம் நடுவில் மாட்டிக்கொள்ளும்.

சிறுமலையின் 18 கொண்டை ஊசி வளைவுகளைத் துணியில் வெட்டி ஒட்டப் போகாதீர்கள். பச்சைப் பகுதியில் ஓட்டுத் தையலை (ஊசியை மேலும் கீழுமாக ஓட்டிப் போடும் எளிய தையல்) மூன்று அங்குல இடைவெளியில் வளைத்து வளைத்து ஏற்றினாலே சாலை தெரியும். மற்ற இடத்தில் நேர்க்கோடு போதும். கடைசியாக 2½ அங்குலப் பட்டிகள் ஏழை இணைத்து ஓரம் கட்டுங்கள். முதல் மூன்று துவையல் தனியாக, பச்சைத் தண்ணீரில். காயவைப்பது நிழலில், இரண்டு கொடியில் பரப்பி. ஒரே கொடியில் போட்டால் ஈரத்தின் கனம் நடுத்தையலை இழுக்கும்.