ஈகோ, நார்மல், ஸ்போர்ட்: ஆட்டோமேட்டிக் காரின் மோடுகளை நீங்களே ஒப்பிட்டு அளப்பது எப்படி?

புதிதாக ஆட்டோமேட்டிக் கார் வாங்கியவர்கள் என்னிடம் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: “ஸ்போர்ட் பொத்தானை அழுத்தினால் எஞ்சினின் சக்தி கூடுமா?” பெரும்பாலான கார்களில் கூடாது. ஈகோ (சிக்கனம்), நார்மல் (சாதாரணம்), ஸ்போர்ட் (துடிப்பு) என்று கார் ஓடும் விதத்தை மாற்றும் அமைப்புகளே மோடுகள். காலை எவ்வளவு அழுத்தினால் எஞ்சின் எவ்வளவு பதில் தரும் என்ற கணக்குதான் முக்கியமாக மாறுகிறது. இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் எந்தச் சாலையில் எந்த மோடு என்பதில் குழப்பமே இருக்காது என்பதால், தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிச் சாலைகளை வைத்தே இதை விளக்குகிறேன்.

பழைய கார்களில் ஆக்சிலேட்டர் பெடலோடு இணைந்த கேபிள், எஞ்சினுக்குள் செல்லும் காற்றின் அளவைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் வால்வை நேரடியாக இழுத்துத் திறந்தது. இன்றைய கார்களில் அந்தக் கேபிள் இல்லை. பெடலில் பொருத்திய சென்சார், கால் எவ்வளவு இறங்கியது என்பதை மின் சைகையாக இசியு எனப்படும் எஞ்சின் கணினிக்கு அனுப்புகிறது. இசியு தன்னிடமுள்ள அட்டவணையைப் பார்த்து, ஒரு சிறு மோட்டார் மூலம் வால்வைத் திறக்கிறது. டீசல் எஞ்சினில் இதே கணக்கு, செலுத்த வேண்டிய எரிபொருளின் அளவைத் தீர்மானிக்கிறது. மோடு பொத்தான் மாற்றுவது இந்த அட்டவணையைத்தான். பெடலைக் கால் பங்கு அழுத்துகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்: ஈகோவில் வால்வு சிறிதளவே திறக்கும், ஸ்போர்ட்டில் அதே அழுத்தத்துக்கு நன்றாகவே திறந்துவிடும். பெடலைத் தரையோடு அழுத்திவிட்டால் பல கார்களில் எல்லா மோடுகளும் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கும். ஈகோவில் சக்தியையே சற்றுக் குறைத்து வைக்கும் கார்களும் உண்டு.

கியர்பாக்ஸும் இதில் பங்கெடுக்கிறது. ஈகோவில் அடுத்த கியர் சீக்கிரம் விழும். ஸ்போர்ட்டில் அதே கியரை நீண்ட நேரம் பிடித்து வைத்து, ஆர்பிஎம்மை, அதாவது எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை முறை சுழல்கிறது என்ற எண்ணிக்கையை, உயர்த்தியே வைத்திருக்கும். சில கார்களில் ஈகோ மோடு ஏசியின் வேகத்தையும் தணிக்கிறது. சித்திரை வெயிலில் மதியம் கிளம்பியவர்கள் “ஏசி சரியாகக் குளிரவில்லை” என்று சர்வீஸ் சென்டருக்கு ஓடுவதற்கு முன் மோடைப் பார்த்துக்கொள்வது நல்லது.

அளவெடுக்கும் முன் செய்ய வேண்டியவை சில உண்டு. முதலில் உங்கள் காரின் கையேட்டை எடுத்து, அதிலிருக்கும் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஏஎம்டியா (மேனுவல் கியர்பாக்ஸையே கணினி மாற்றுவது), சிவிடியா (படிப்படியான கியர்கள் இல்லாதது), டார்க் கன்வெர்ட்டரா (எண்ணெய் வழியாகச் சக்தியைக் கடத்துவது), டூயல் கிளட்சா (இரண்டு கிளட்ச் கொண்டது) என்று உறுதி செய்துகொள்ளுங்கள், ஏனென்றால் ஒவ்வொன்றின் தாமதமும் ஒவ்வொரு விதம். ஏஎம்டியில் கியர் மாறும்போது ஒரு சிறு இடைவெளி விழும், எந்த மோடு போட்டாலும் அது முழுவதும் மறையாது. சிவிடியில் முதலில் ஆர்பிஎம் ஏறும், வேகம் பின்னாலேயே வரும். டர்போ (எஞ்சினுக்குள் கூடுதல் காற்றை அழுத்தித் தள்ளும் சுழலி) உள்ள எஞ்சினாக இருந்தால், குறைந்த ஆர்பிஎம்மில் டர்போ சுழன்று எழும் வரையிலான தாமதமும் சேரும். பிறகு டயர் காற்றைச் சரிபாருங்கள், எஞ்சின் வழக்கமான சூட்டுக்கு வரும் வரை ஓட்டுங்கள், ஏசியை அணைத்துவிடுங்கள்.

இடத்தைத் தேர்ந்தெடுப்பதில் அவசரம் வேண்டாம். 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை இதற்கு ஏற்ற இடமே அல்ல, அங்கே லாரிகளின் வேகத்தோடு உங்கள் சோதனையைக் கலக்காதீர்கள். ஊருக்கு வெளியே, வளைவும் குறுக்குச் சந்தும் வீடுகளும் இல்லாத, கண்ணுக்கு எட்டும் வரை நேராகத் தெரியும் ஒரு கிளைச்சாலை போதும். பாலக்கோடு, ராயக்கோட்டைப் பக்கம் அதிகாலையில் தக்காளி வண்டிகள் சந்தைக்கு வரும்; கிருஷ்ணகிரியில் மே, ஜூன் மாதங்களில் மாங்காய் லாரிகள் வரிசையாக நிற்கும். ஆகவே காலை ஏழு, எட்டு மணிக்குச் சாலை ஓய்ந்திருக்கும் இடமாகப் பார்த்துச் செல்லுங்கள். கட்டாயம் ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். ஓட்டுபவர் எதையும் படிக்கவோ எழுதவோ கூடாது.

முதல் அளவு, பதிலுக்கு ஆகும் நேரம். உடன் வருபவர் கைபேசியில் மீட்டர் பலகையை வீடியோ எடுக்கட்டும். நீங்கள் 40 கி.மீ. வேகத்தில் சில நொடிகள் சீராகச் செல்லுங்கள். பிறகு “இப்போது” என்று உரக்கச் சொல்லிக்கொண்டே பெடலைப் பாதியளவு அழுத்துங்கள். வீட்டுக்கு வந்து வீடியோவை ஒவ்வொரு படச்சட்டமாக நகர்த்திப் பார்த்து, “இப்போது” என்ற சொல்லுக்கும் ஆர்பிஎம் முள் எழும் கணத்துக்கும் இடையில் எத்தனை சட்டங்கள் என்று எண்ணுங்கள். நொடிக்கு 30 சட்டம் எடுக்கும் வீடியோவில் 15 சட்டம் என்றால் அரை நொடி. உங்கள் குரலுக்கும் காலுக்கும் இடையே சிறு வித்தியாசம் இருக்கலாம், ஆனால் அது எல்லா மோடுகளிலும் ஏறக்குறைய ஒரே அளவில் இருப்பதால் ஒப்பீட்டுக்குத் தடையில்லை. ஒவ்வொரு மோடிலும் போக மூன்று முறை, வர மூன்று முறை எடுத்துச் சராசரி பாருங்கள். காற்றும் சாலையின் மெல்லிய ஏற்றமும் அப்போதுதான் சமமாகும்.

இரண்டாவது அளவுக்கு, காரின் கணினியிலுள்ள தகவல்களைப் படித்துக் காட்டும் ஓபிடி கருவி வேண்டும். ஓட்டுநர் பக்கம் டாஷ்போர்டுக்குக் கீழே இருக்கும் சாக்கெட்டில் அதைச் செருகி, புளூடூத் மூலம் கைபேசிச் செயலியோடு இணைத்தால், பெடலின் நிலையும் த்ராட்டில் வால்வின் நிலையும் சதவீதமாகத் தெரியும். பெடலில் காலே வைக்காதபோதும் இவை பூச்சியத்தைக் காட்டாமல் பத்துப் பதினைந்து என்று காட்டுவது பல கார்களில் இயல்பு, அதைக் கண்டு அஞ்ச வேண்டாம். பெடல் ஒரே சதவீதத்தில் இருக்கும்போது மூன்று மோடுகளிலும் வால்வு எங்கே நிற்கிறது என்பதை உடன் இருப்பவர் குறித்துக்கொள்ளட்டும். மேலே சொன்ன அட்டவணை என்பது இந்த மூன்று எண்களில்தான் கண்முன் வந்து நிற்கிறது. எனக்கு இந்தச் சோதனையே மிகவும் பிடித்தது. டீசல் காரில் வால்வின் எண் இந்தப் பொருளைத் தராது, அங்கே முதல் அளவோடு நிறுத்திக்கொள்ளலாம். பெடலுக்கு அடியில் கட்டையோ ரப்பரோ வைத்து அழுத்தத்தை நிலைநிறுத்த எக்காரணம் கொண்டும் முயலாதீர்கள், பிரேக் பெடலுக்கும் ஆபத்து.

அளந்த பின் பயன்பாட்டுக்கு வருவோம். கார் வாங்கிய முதல் மாதம் நான் ஊருக்குள்ளும் ஸ்போர்ட்டிலேயே ஓட்டினேன். தருமபுரி நான்கு ரோட்டில் நின்று கிளம்பும்போதெல்லாம் பின் இருக்கையில் இருந்த அம்மா பின்னால் சாய்ந்து சாய்ந்து விழுந்தார்; “ஏன் கண்ணு, வண்டி இப்படித் தூக்கிப் போடுது?” என்று கேட்ட பிறகுதான் நார்மலுக்கு மாறினேன். நெரிசலில் நுண்மையான கால் கட்டுப்பாடு தேவை. அதற்கு மென்மையான அட்டவணையே பொருந்தும். ஈகோவில் எரிபொருள் மிச்சமாக வேண்டுமானால் பொறுமையும் வேண்டும். வண்டி நகரவில்லையே என்று பெடலை ஆழமாக அழுத்தினால் அந்த மிச்சம் போய்விடும். இருவழிச் சாலையில் லாரியை முந்தும்போது, முந்தத் தொடங்கும் முன்பே ஸ்போர்ட்டுக்கு மாற்றிவிடுங்கள். பாதி தூரம் போன பிறகு பொத்தானைத் தேடக் கூடாது.

இறக்கம் தனிக் கதை. தருமபுரியிலிருந்து சேலம் நோக்கி இறங்கும் தொப்பூர் கணவாயிலும், பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கல் இறங்கும் மலைச்சாலையிலும், ஈகோவில் கியர் உயர்ந்தே நிற்பதால் எஞ்சின் காரைத் தடுத்துப் பிடிப்பது குறைவு. வேகத்தைத் தடுக்கும் பொறுப்பு முழுவதும் பிரேக்கின் மேல் விழும், பிரேக் சூடேறினால் பிடிப்பு தளரும். இறக்கம் தொடங்கும் முன்பே கியர் நெம்புகோலை எல் (தாழ்ந்த கியர்) அல்லது எஸ் (ஸ்போர்ட்) நிலைக்கோ, மேனுவல் முறையில் இரண்டாவது, மூன்றாவது கியருக்கோ கொண்டுவந்து, எஞ்சினே காரைப் பிடித்து நிறுத்தும்படி இறங்குங்கள். இந்த நிலையில் காலை எடுத்தவுடன் ஆர்பிஎம் சற்று உயர்ந்து ஒலிப்பது இயல்பு, எஞ்சினுக்குக் கேடில்லை. சமதளம் வந்ததும் டி (வழக்கமான ஓட்டம்) நிலைக்கும் வழக்கமான மோடுக்கும் திரும்ப மறக்காதீர்கள், இல்லையெனில் அடுத்த ஊர் வரை கார் தேவையில்லாமல் இரைந்துகொண்டே வரும்.