மார்க்டவுனிலிருந்து தமிழ் பிடிஎஃப்: கொம்பு சரியான இடத்தில் விழ நான் செய்தது

பாளையங்கோட்டையில் படிக்கும் என் தங்கச்சி ஆதிச்சநல்லூர் பற்றிய ஆய்வேட்டை மார்க்டவுனில்தான் (எளிய குறிகளோடு தட்டும் வெறும் எழுத்துக் கோப்பு) எழுதுகிறாள். கோப்பு வடிவத்தை மாற்றித் தரும் பாண்டாக் என்ற மென்பொருள் அதைப் பிடிஎஃப் ஆக்க மறுத்தது, பக்கத்தை அடுக்க அது வழக்கமாகக் கூப்பிடும் பிடிஎஃப்லாடெக் என்ற எஞ்சினுக்குத் தமிழ் ஒத்துவராது. எஞ்சினை, யூனிகோடு எழுத்துருக்களைக் கையாளும் சீலாடெக் என மாற்றி, முதன்மை எழுத்துருவாக நோட்டோ செரிஃப் தமிழைக் கொடுத்ததும் பக்கம் வந்தது, ஆனால் பொருநை, கொற்கை எல்லாம் கொம்பு இடம் மாறிக் கிடந்ததைப் பார்க்கவே மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. சரி என்று, கோப்பின் தலைப்பகுதியில் எழுத்துரு விருப்பங்களில் ஸ்கிரிப்ட் தமிழ் என ஒரு வரி சேர்த்தேன் (அதை ஆங்கில எழுத்தில் தட்ட வேண்டும்), கொம்பு எழுத்துக்கு முன்னால் போய் உட்கார்ந்தது. அப்புறம் ஓரத்தைத் தாண்டிய நீளச் சொற்கள்: ஆவணத்தின் மொழி தமிழ் என்று குறித்ததும் உடைந்து அடுத்த வரிக்கு இறங்கின. மேற்கோள் நூல்களின் விவரங்களை பிப்டெக் கோப்பில் (நூல் பட்டியலுக்கான கோப்பு வடிவம்) வைத்து, பாண்டாக்கோடு வரும் மேற்கோள் அடுக்கியான சைட்ப்ராக்கிடம் விட்டுவிடுங்கள், கையால் அடுக்கவே வேண்டாம். வேர்டு கேட்கும் நெறியாளருக்கும் இதே கோப்பிலிருந்தே எடுத்துக் கொடுக்கலாம்.