ஹட்டனுக்குப் போகிறீர்களா? முதலில் தோட்டத்தின் பெயரைக் கேட்டு வையுங்கள்

வெளிநாட்டிலிருந்து இலங்கை வருகிற நம்மவர்களில் பலருக்கு ஹட்டன் ஒரு தேத்தண்ணி குடிக்கிற ஊர். எல்ல போகிற கோச்சி சற்று நேரம் நிற்கும், சிவனொளிபாதமலைக்குப் போகிற வான் ரொட்டிக் கடையில் நிற்கும், அவ்வளவுதான். உங்கள் தாத்தாவோ அம்மம்மாவோ டிக்கோயா, நோர்வூட், பொகவந்தலாவ, மஸ்கெலியா பக்கத்து லயம் ஒன்றில் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடு) பிறந்தவர் என்றால் அது போதாது. குறைந்தது இரண்டு இரவாவது அங்கே தங்குங்கள்.

புறப்படும் முன்பே வீட்டில் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. எந்தத் தோட்டம், அதில் மேல்பிரிவா கீழ்ப்பிரிவா என்று பெரியவர்களிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். "ஹட்டன் பக்கம்" என்று மட்டும் தெரிந்துகொண்டு வந்தால் மலை மலையாகச் சுற்ற வேண்டியதுதான். தோட்டத்துக்கு வெள்ளைக்காரன் வைத்த பெயர் ஒன்று இருக்கும், நம் சனங்கள் கூப்பிடுகிற பெயர் வேறொன்றாக இருக்கும். அம்மம்மா சொல்கிற பெயர் கூகுள் வரைபடத்தில் வராவிட்டால், அப்படி ஒரு இடமே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். ஹட்டன் பஸ் நிலையத்தில் வயதான நடத்துநர் ஒருவரிடமோ ஆட்டோக்காரரிடமோ கேளுங்கள், வழி சொல்லிவிடுவார்கள். வீட்டில் பழைய கடவுச்சீட்டு, இந்தியாவுக்குப் போனவர்களின் குடும்ப அட்டை, பிறப்புச் சான்றிதழ் என்று எது இருந்தாலும் படம் எடுத்துக் கைபேசியில் வைத்துக்கொள்ளுங்கள். தோட்டத்தின் பெயர் அவற்றில் இருக்க வாய்ப்புண்டு.

இந்த ஊர் எப்படி வந்தது என்று கொஞ்சம் தெரிந்தால் கண்ணில் படுவதெல்லாம் புரியும். ஹட்டன் என்ற பெயரே ஸ்கொட்லாந்தில் உள்ள ஒரு கிராமத்தின் பெயர். 1860களிலும் 1870களிலும் டிக்கோயா, மஸ்கெலியாப் பள்ளத்தாக்குகளில் காட்டை வெட்டிக் கோப்பி நட்டார்கள். அப்போது ரயில் 1874இல் நாவலப்பிட்டி வரைதான் வந்திருந்தது. அதற்கு மேலே எல்லாம் மாட்டு வண்டியும் மனிதத் தோளும்தான். பாதையை நீட்டிக் கொடு என்று கோப்பித் துரைமார் அரசாங்கத்தை நச்சரித்துக்கொண்டே இருந்தார்கள். 1869இல் மடுல்சீமையில் முதலில் கண்ட இலைத்துரு நோய் அதற்குள் கோப்பியை மலை மலையாகத் தின்றுவிட்டது. கொஞ்ச காலம் கொயினா மருந்துக்கான சிங்கோனா மரத்தை நட்டுப் பார்த்தார்கள், அதன் விலையும் விழுந்தது. கடைசியில் 1884இல் ரயில் ஹட்டனுக்கு ஏறியபோது கோப்பி கிட்டத்தட்டச் செத்துப்போயிருந்தது. கோப்பிக்காகக் கேட்ட ரயில் தேயிலைக்குத்தான் உதவியது.

ரயில் வந்த பிறகு டவுன் வளர்ந்த வரிசையைப் பாருங்கள். 1888இல் பேங்க்ஸ், அட்கின் என்ற இரண்டு பேர் தோட்டத்துக் காசுப் புழக்கத்துக்காக 'ஹட்டன் வங்கி' ஆரம்பித்தார்கள். இன்று இலங்கை முழுக்கக் கிளை வைத்திருக்கிற ஹட்டன் நெஷனல் வங்கியின் தொடக்கம் அதுதான். 1892இல் மெதடிஸ்த சபையார் பள்ளிக்கூடம் ஒன்றைத் தொடங்கினார்கள். ஹைலண்ட்ஸ் கல்லூரி என்று இன்றும் நடக்கிறது. தோட்டத்துப் பிள்ளைகள் ஆசிரியர்களாகவும் வக்கீல்களாகவும் வெளியே வந்த வாசல்களில் அது ஒன்று. ஸ்டேஷன், வங்கி, பள்ளிக்கூடம், மாணிக்கப் பிள்ளையார் கோவில் எல்லாவற்றையும் நடந்தே பார்த்துவிடலாம், அரை நாள் போதும். மிச்சமெல்லாம் கடைகள். அந்தக் கடைகளையும் குறைவாக எண்ணாதீர்கள். மாதம் பத்தாம் தேதியை ஒட்டித் தோட்டத்தில் சம்பளம் போடுவார்கள். அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை பிரதான வீதியில் நின்று பாருங்கள், நடக்க இடம் இருக்காது. சனம் மா, அரிசி, பள்ளிச் சப்பாத்து, தவணைக் கட்டணம் என்று ஒரு நாளில் முடித்துக்கொண்டு மாலை பஸ் பிடிக்கும்.

கொழும்புக் கோட்டையிலிருந்து பதுளை போகிற கோச்சியில் வருவதுதான் நல்லது. ஆறு மணி நேரம் ஒதுக்குங்கள். முன்பதிவு ஆசனங்களைச் சுற்றுலாக்காரர்கள் பதிவு திறந்த கையோடு வாங்கிவிடுகிறார்கள். கிடைக்காவிட்டால் மூன்றாம் வகுப்பில் ஏறிக்கொள்ளுங்கள், பேச்சுத் துணையாவது கிடைக்கும். கடும் மழைக் காலத்தில் மண் சரிந்து பாதை மூடப்படுவது மலைநாட்டில் சாதாரணம், அதனால் போகிற வாரத்தில் ரயில் ஓடுகிறதா என்று விசாரித்துவிட்டே கிளம்புங்கள். அப்புறம் இருக்கவே இருக்கிறது பஸ். அவிசாவளை, கித்துல்கல, கினிகத்தேனை வழியாக ஏறும். வழியில் வரும் வட்டவளை இலங்கையில் அதிகம் மழை பெய்யும் இடங்களில் ஒன்று. ஹட்டனைத் தாண்டிக் கொட்டகலைப் பக்கம் போனால் அரை கிலோமீட்டருக்கு மேல் நீளமான சிங்கமலைச் சுரங்கம். நாட்டிலேயே நீளமான ரயில் சுரங்கம் அதுதான்.

ஹட்டன் ஸ்டேஷனில் கொஞ்சம் நேரம் உட்காருங்கள். 1948 குடியுரிமைச் சட்டம், இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்கு வந்தவர்களின் வழிவந்த மலையகத் தமிழரை நாடற்றவர்களாக்கியது. 1964இல் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தப்படி 525,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்வது, 300,000 பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுப்பது என்று தலைக்கணக்குப் போட்டுப் பிரித்தார்கள். சனத்திடம் கேட்டுப் போட்ட கணக்கு இல்லை அது. இந்த மேடைகளிலிருந்துதான் குடும்பம் குடும்பமாக, இந்தியாவுக்குக் கப்பல் பிடிக்கத் தலைமன்னாருக்கு ஏறினார்கள். ஏறினவர்களும் அழ, வழியனுப்ப வந்தவர்களும் அழ, அந்த ரயிலுக்கு ஒப்பாரிக் கோச்சி என்றே பெயர் வந்தது. போனவர்களில் ஒரு பகுதிதான் இன்று கூடலூரிலும் கோத்தகிரியிலும் அரசுத் தேயிலைத் தோட்டங்களில் இருக்கிறார்கள். 1977, 1983 கலவரங்களுக்குப் பயந்து வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் இறங்கியவர்கள் இன்னொரு பகுதி. வெளிநாடு போன மலையகக் குடும்பங்களில் பலவற்றுக்கு இந்த இரண்டில் ஒரு கதை இருக்கும். அதனால் சொந்தக்காரரைத் தேடும்போது ஹட்டனில் யாரும் கிடைக்காவிட்டால் தேடலை நிறுத்தாதீர்கள், வன்னியிலும் நீலகிரியிலும் விசாரியுங்கள்.

சரி, தோட்டத்துக்குள் எப்படிப் போவது? தோட்டப் பாதைகளும் தொழிற்சாலையும் நிருவாகத்தின் கையில். 1970களில் அரசுடைமையான தோட்டங்கள் 1992இலிருந்து கம்பனிகளின் நிருவாகத்தில் இருக்கின்றன. லயத்துக்குப் போக யாரும் தடுக்க மாட்டார்கள், ஆனால் தொழிற்சாலையோ பழைய பதிவேடுகளோ பார்க்க வேண்டுமென்றால் தோட்ட ஒப்பீசில் முதலில் கேளுங்கள். அதைவிட நல்ல வழி, தொழிற்சங்கத் தலைவரையோ கோவில் தலைவரையோ வீட்டில் போய்ப் பார்ப்பது. "நான் இன்னாருடைய பேரன், எங்கள் தாத்தா இந்த லயத்தில் இருந்தவர்" என்று சொன்னால் போதும். தலைவர் ஒரு பாட்டியைக் கூப்பிடுவார், அந்தப் பாட்டி இன்னொரு பாட்டியைக் கூப்பிடுவார், அரை மணி நேரத்தில் உங்கள் தாத்தாவின் பட்டப்பெயர் முதற்கொண்டு வெளியே வரும். பெரியவர்களை அண்ணே, அக்கா, மாமா என்றே கூப்பிடுங்கள். உள்ளே கூப்பிட்டால் போய் உட்காருங்கள், சாயத்தண்ணி கொடுத்தால் குடியுங்கள். கொஞ்சம் கடுப்பாக இருக்கும், ஏனென்றால் நல்ல தேயிலை கொழும்பு ஏலத்துக்குப் போய்விடும், தோட்டத்துக்கு மிஞ்சுவது டஸ்ட் என்கிற தூள்தான். ரொட்டியும் கட்டச்சம்பலும் வந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம்.

காலையில் மலையில் கொழுந்தெடுக்கும் பெண்களை நிறுத்தி வைத்துப் படம் எடுக்காதீர்கள். அவர்களுக்கு நாளுக்கு இத்தனை கிலோ என்று கணக்கு உண்டு. உங்களுக்காக நின்ற நேரம் தராசில் தெரியும். நாட்சம்பளம் ஆயிரம் ரூபாய் ஆவதற்கே வருடக்கணக்கில் போராடி 2021இல்தான் வர்த்தமானியில் வந்தது என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பேச வேண்டுமென்றால் மாலையில் லயத்துக்குப் போங்கள். பிள்ளைகளைச் சுற்றி நிறுத்தி டொபி, காசு கொடுப்பதை நான் விரும்புவதில்லை. கொடுக்க மனமிருந்தால் தோட்டத்துப் பள்ளிக்கூடத்து அதிபரிடம் என்ன தேவை என்று கேட்டு வாங்கிக் கொடுங்கள்.

தாத்தா பிறந்த ஆண்டும் தோட்டமும் தெரிந்தால், பிரதேச செயலகத்தின் பதிவாளர் பிரிவில் பிறப்புச் சான்றிதழின் பிரதிக்கு விண்ணப்பிக்கலாம். பெயர் ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் விதம் விதமாக எழுதப்பட்டிருக்கும். ராமசாமி ராமசமி ஆகியிருப்பார், அப்பா பெயர் முன்னால் வந்திருக்கும். எல்லா எழுத்துமுறையையும் சொல்லித் தேடச் சொல்லுங்கள். ஹட்டனில் தமிழிலேயே காரியம் பார்க்கலாம், அதற்குத் தயங்க வேண்டாம்.

ஒரு நாள் மிச்சமிருந்தால் டிக்கோயாப் பக்கம் போங்கள். காசல்ரீ நீர்த்தேக்கக் கரையில் 1878இல் கட்டிய வோர்லி தேவாலயம் இருக்கிறது. கல்லறைகளில் துரைமார் பெயர்களைப் படிக்கலாம். காட்டை வெட்டி, ரோடு போட்டு, காய்ச்சலில் போன கூலிகளுக்குக் கல் எதுவும் இல்லை. பொகவந்தலாவையில் புனித மரியாள் தேவாலயத்தில் புகழ்பெற்ற புகைப்படக்காரி ஜூலியா மார்கரெட் கமரூனின் கல்லறை உண்டு. 1879இல் டிக்கோயாவின் கிளென்கேர்ன் தோட்டத்தில் இறந்தவர் அவர். மஸ்கெலியாவுக்குப் போகிறவர்கள் வறட்சிக் காலத்தைப் பார்த்துப் போங்கள். 1969இல் மவுஸ்ஸாக்கலை அணை கட்டியபோது பழைய மஸ்கெலியா டவுன் தண்ணீருக்குள் போனது. நீர் இறங்கும்போது பழைய கோவிலின் இடிபாடுகள் வெளியே தெரியும். உங்கள் வீட்டார் மஸ்கெலியாக் கடைவீதியைப் பற்றிச் சொன்ன கதை 1969க்கு முந்தியது என்றால், அந்தக் கடைவீதி அந்தத் தண்ணீருக்குள்தான்.

காலம் என்று பார்த்தால் ஜனவரி முதல் ஏப்ரல் வரை வசதி. மாசி, பங்குனியில் வந்தால் சில தோட்டங்களில் மன்மதன் கதையைச் சொல்லும் காமன் கூத்து நடக்கும், தப்புச் சத்தம் இரவெல்லாம் கேட்கும். ஆனால் டிசம்பர் பௌர்ணமியிலிருந்து வெசாக் வரை சிவனொளிபாதமலைப் பருவம், வார இறுதியில் அறையும் கிடைக்காது, மலையடிவாரத்து நல்லதண்ணிக்குப் போகிற பஸ்ஸில் ஏறவும் முடியாது. வார நாட்களில் வாருங்கள். ஜூன், ஜூலையில் மழை விடாது, அட்டையும் விடாது. சுவெட்டர், குடை, சவர்க்காரத் துண்டு ஒன்று (அட்டை ஏறாமல் காலில் தேய்க்க) எடுத்துக்கொள்ளுங்கள்.

திரும்பும்போது கம்பளையில் இறங்க முடிந்தால் இறங்குங்கள். அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகம் இருக்கிறது, பழைய லயத்திலேயே அமைத்திருக்கிறார்கள். கண்டி ஹந்தானையில் உள்ள தேயிலை அருங்காட்சியகத்தில் இயந்திரங்களைப் பார்க்கலாம். இரண்டில் ஒன்றுக்குத்தான் நேரம் என்றால் கம்பளைக்குப் போங்கள். போகும் முன் திறந்திருக்கிறதா என்று மட்டும் போன் போட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள்.