மாத்தூர் தொட்டிப்பாலத்தைப் பெட்டி பெட்டியாகக் கட்டலாம்: கோடாட்டில் முதல் லெவல்

கன்னியாகுமரி மாவட்டத்தில் பரளியாற்றுக்கு மேலே தண்ணீரைக் கொண்டுபோகும் மாத்தூர் தொட்டிப்பாலத்துக்கு 28 தூண்கள், அதிகபட்சம் 115 அடி உயரம். கீழே நின்று பார்த்தால் மலைப்பாக இருக்கும். ஆனால் ஒரு தூணும் அதன் மேல் ஒரு தொட்டித் துண்டும்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. கோடாட் என்ற கேம் எஞ்சினில் முதல் லெவலுக்கு எதைக் கட்டலாம் என்று கேட்பவர்களுக்கு அதனால்தான் இதைச் சொல்கிறேன்.

3டி மாடல் செய்யும் பிளெண்டரை இப்போது திறக்காதீர்கள். பிளாக்அவுட்டுக்கு, அதாவது லெவலின் தோராய வடிவத்துக்கு, கோடாட் 4-இல் உள்ள சிஎஸ்ஜி பெட்டிகளே (சேர்த்தும் வெட்டியும் வடிவம் செய்யும் பெட்டிகள்) போதும், பழைய லேப்டாப்பும் தாங்கும்.

முதலில் ஆளுக்குப் பதிலாக 1.7 உயரத்தில் ஒரு கேப்சூலை (மாத்திரை வடிவம்) நிறுத்துங்கள். கோடாட்டில் 1 யூனிட் என்பது 1 மீட்டர். பக்கத்தில் ஆள் இல்லாமல் கட்டினால் எல்லாம் யானைக்குக் கட்டியதுபோல் ஆகிவிடும்.

அடுத்து, பெட்டிகளை ஒன்றாகச் சேர்க்கும் சிஎஸ்ஜி கம்பைனர் ஒன்று. அதற்குள் தொட்டிக்கு 3 × 2.5 × 12 அளவில் ஒரு பெட்டி. தண்ணீர் ஓடும் பள்ளத்துக்கு 2.3 × 2.3 × 12.4 அளவில் இன்னொன்று, அதை 0.3 மேலே தூக்கி, ஆபரேஷனை வெட்டி எடுக்கும் சப்ட்ராக்‌ஷன் ஆக்குங்கள். வெட்டும் பெட்டி மேலும் இரு முனையிலும் வெளியே நீட்டிக்கொண்டிருப்பது வேண்டுமென்றேதான். முகங்கள் ஒரே தளத்தில் பொருந்தினால் அங்கே மெல்லிய தோல் மிஞ்சலாம்.

இப்போது நடப்பதற்கான ஸ்லாப்: 3 × 0.2 × 6, ஒய் (மேல்-கீழ் நிலை) 1.35. பலரும் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். ஸ்லாபைப் பட்டியலில் வெட்டும் பெட்டிக்கு மேலே வைத்தால் நடுப்பகுதி காணாமல் போய், ஓரத்தில் இரண்டு துண்டுகள் மட்டும் நிற்கும். அளவில் பிழை தேடி நேரத்தை வீணாக்காதீர்கள், பெட்டிகள் வரிசையாக இருக்கும் பட்டியலான சீன் ட்ரீயைப் பாருங்கள். சப்ட்ராக்‌ஷன் அந்தப் பட்டியலில் தனக்கு மேலே இருக்கும் உடன்பிறப்புகளை (அதே கம்பைனருக்குள் உள்ள பெட்டிகளை) எல்லாம் வெட்டும், கீழே இருப்பதைத் தொடாது. ஸ்லாபை வெட்டும் பெட்டிக்குக் கீழே இழுத்துவிட்டால் முழுசாக வந்துவிடும். கதவு, ஜன்னல், சுரங்கம் எல்லாவற்றுக்கும் இதே வரிசைதான்.

தூண் வட்டமா சதுரமா என்ற ஆராய்ச்சி இப்போது வேண்டாம். 3 × 35 × 3 பெட்டி, ஒய் -18.75, ஒரு முனையில். பரளியாற்றின் கரைப்பக்கம் தூண் குட்டையாகத் தெரிய வேண்டுமா? உயரத்தைத் தொடாதீர்கள், தரையை மேலே ஏற்றுங்கள். மிச்சம் மண்ணுக்குள் போகட்டும்.

கம்பைனரைத் தனி சீனாகச் சேமித்து, சீரான இடைவெளியில் நகர்த்த உதவும் ஸ்நாப்பைப் போட்டு, 12 மீட்டருக்கு ஒன்றாக அடுக்குங்கள். அப்புறம் மூலத்தில் ஒன்றை மாற்றினால் எல்லாத் துண்டும் மாறும். 12 என்பது நான் வைத்த கணக்கு, பாலத்தின் அளவு அல்ல.

பின்சேர்க்கை: “ஆள் ஸ்லாப் வழியாகக் கீழே விழுகிறான்” என்று சிலர் எழுதியிருந்தார்கள். கம்பைனரில் யூஸ் கொலிஷனை (ஆள் மோதி நிற்க வைக்கும் அமைப்பு) டிக் செய்யுங்கள். உள்ளே இருக்கும் பெட்டிகளில் அதைத் தேடினால் கிடைக்காது.