‘ஹெவி வெதர்’ கேட்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜாஸும் ராக்கும் கலந்து வாசித்த வெதர் ரிப்போர்ட் குழுவின் ‘ஹெவி வெதர்’ (1977) ஆல்பத்தில் முதலில் வரும் ‘பேர்ட்லேண்ட்’டை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டுவிட்டு, ஆல்பம் முழுக்கக் கேட்டாயிற்று என்று நினைத்துக்கொள்வது பலர் செய்கிற தவறு. தயவுசெய்து அடுத்ததற்குப் போங்கள். ‘எ ரிமார்க் யூ மேட்’டில் வெய்ன் ஷார்ட்டரின் டெனர் சாக்ஸபோனும் ஜாகோ பாஸ்டோரியஸின் ஃப்ரெட் (கழுத்தில் பதிக்கும் உலோகக் கம்பி) இல்லாத பேஸ் கிட்டாரும் மெட்டை எடுத்து இழைக்கும்போது பாடகர் இல்லாத குறையே தெரியாது.

அப்புறம், ‘பேர்ட்லேண்ட்’ ஆரம்பத்தில் வருகிற அந்த கிட்டாரை யார் வாசித்தது என்று தேடாதீர்கள், இந்த ஆல்பத்தில் கிட்டார் கலைஞரே கிடையாது. அது ஜாகோவின் பேஸ்தான். வலது கைக் கட்டைவிரலால் தந்தியை லேசாகத் தொட்டு, அதே கையின் இன்னொரு விரலால் மீட்டினால் எழும் மேல்ஸ்தாயி நாதம் அது. ஹெட்ஃபோனில் அந்த இடத்தை மட்டும் இரண்டு முறை கேளுங்கள், பிடிபட்டுவிடும்.

அதற்காக இதை ஜாகோவின் ஆல்பம் என்று சொல்லிவிடுவதும் சரியில்லை. எட்டு டிராக்குகளில் இரண்டுதான் அவர் இசையமைத்தவை: ‘டீன் டவுன்’, ‘ஹவோனா’. ஆல்பத்தின் முதல் இரண்டையும் சேர்த்து மூன்று கீபோர்டு வாசித்த ஜோ ஸாவினுல் எழுதியவை, ஷார்ட்டருக்கு இரண்டு, மிச்சம் ஒன்று டிரம்ஸ் அலெக்ஸ் அகூன்யாவும் பெர்கஷன் மனோலோ பத்ரேனாவும் சேர்ந்து செய்தது.

இதையே குழுவின் தொடக்கமாக எடுத்துக்கொள்கிறவர்கள்தான் அதிகம் இழக்கிறார்கள். இது அவர்களுடைய ஏழாவது ஸ்டுடியோ ஆல்பம். 1971-ல் வந்த முதல் ஆல்பத்தில் மிரோஸ்லாவ் விடூஷ் பேஸ் வாசித்தார், இசை பிடிமானமில்லாமல் மிதக்கும். 1973-ன் ‘ஸ்வீட்நைட்டர்’ தொட்டுத்தான் தாளக்கட்டு இறுகியது. 1976-ன் ‘பிளாக் மார்க்கெட்’டில் ஜாகோ நுழைந்தார், அதுவும் இரண்டு டிராக்குகளில் மட்டும். இவற்றைக் கேட்ட காதோடு வந்தால், இவ்வளவு கச்சிதமான மெட்டுகள் திடீரென்று முளைத்தவை அல்ல என்பது புரியும்.

நன்றாக விற்றது, அதனால் சமரசம் செய்துகொண்டார்கள் என்ற பேச்சை நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன். கடைசியில் வரும் ‘ஹவோனா’வைக் கேட்ட யாரும் அப்படிச் சொல்ல முடியாது, அந்த வேகத்தில் எல்லோரும் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டே வாசிப்பது லேசான காரியமா? அடுத்த வருடம் வந்த ‘மிஸ்டர் கான்’ ஆல்பத்துக்கு டவுன் பீட் என்ற ஜாஸ் இதழ் ஒரே ஒரு நட்சத்திரம் கொடுத்தது, ஆனால் அதை வைத்துக் குழுவின் கதை முடிந்ததாக நினைக்க வேண்டாம். 1979-ன் ‘8:30’ பெரும்பாலும் மேடைப் பதிவு, ‘பேர்ட்லேண்ட்’ அதிலும் உண்டு, டிரம்ஸில் பீட்டர் எர்ஸ்கின். இரண்டு ‘பேர்ட்லேண்ட்’களையும் அடுத்தடுத்துக் கேளுங்கள்.